வெந்நீர் ஊற்றிய பாறை

இருபதாவது மாடி உயரத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றபடி டீ குடிப்பவர் என்று அவரைப் பற்றி உடன் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். டீ குடித்தது கட்டுக்கதை. நின்றது உண்மை. பத்தொன்பது வயதில் லிஃப்ட் மெக்கானிக்காகச் சேர்ந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. இதுவரை ஒரு விரல் நகம்கூடப் போனதில்லை. கம்பிக் கயிற்றைப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார், எல்லாம் முடிந்து கீழே இறங்கியபின் மறுபடி ஏறிப்போய் இரண்டையும் இன்னொரு தடவை பார்ப்பார். அதனால் அவருக்கு டபுள்செக் என்று பெயர் விழுந்துவிட்டது.

நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிள்ளைகள் இல்லை. மனைவியின் அப்பா, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு வருடமாக இவர்களோடு இருந்தார். அவருக்கு இளைப்பு. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை வாயில் பம்பு அடித்துக்கொண்டால்தான் மூச்சு ஒழுங்காக ஓடும்.

கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புநீர், பாறை, பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன். "நாள் முழுக்க கிரீஸையும் இருட்டையும் பாக்கறவனுக்கு வீட்லயாவது கொஞ்சம் கலர் வேணும்" என்று சொல்லி மூன்று வருடத்துக்கு முன் வாங்கினார். அவரைவிட அதிகம் அதைப் பார்த்தது மாமனார்தான். பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்கு இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். "டிவியைவிட இது எவ்வளவோ தேவலை மாப்பிள்ளை. விளம்பரம் கிடையாது பாருங்க."

தொட்டியையும் டபுள்செக் லிஃப்ட் மாதிரிதான் பராமரித்தார். வாரம் தவறாமல் மணலைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தார். தண்ணீர் மாற்றினார். அழுக்கை இழுக்கும் பொடி, அதற்கு மேல் இன்னொரு பொடி. சோதனைக் குப்பிகளில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று வந்தால் அதை மனைவியிடம் தூக்கிக் காட்டி, "உங்க லேப்ல இவ்வளவு சுத்தமா ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணல்மேல் பழுப்பாகத் தூசி போலப் படிந்திருந்தது. உறிஞ்சி எடுத்தார். மறுநாள் விளக்கு போட்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி வந்தது. அதற்கடுத்த நாள் பாறையிலும் ஏறியது. இப்போது அது தூசி இல்லை. மூக்குச் சளி போல நூல்நூலாகத் தொங்கியது. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. சாயங்காலம் விளக்கு அணைந்ததும் சுருங்கி, காலையில் இரண்டு மடங்காக வந்து நின்றது. அவர் எடுக்க எடுக்க அது வளர்ந்தது.

பிறகு நத்தைகள் விழ ஆரம்பித்தன. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தவை மணலில் மல்லாந்து கிடந்தன. ஒரே வாரத்தில் ஐந்து. ஒன்றை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டிய சதை அப்படியே தொங்கியது.

மீன் கடைக்காரருக்கு போன் போட்டார்.

"சளி மாதிரி இருக்கா அண்ணே?"

"ஆமா."

"நுனியில குமிழி? நத்தை சாகுதா?"

"அஞ்சு செத்துடுச்சு."

"டைனோ அண்ணே. டைனோஃபிளாஜெல்லேட்னு முழுப்பேரு. ஒரே ஒரு செல்லுதான், கண்ணுக்குத் தெரியாது, கோடிக்கணக்குல சேர்ந்து இப்படி நிக்கும். இனிமே சுத்தம் பண்ணாதீங்க. தண்ணியில சத்தே இல்லைன்னா இதோட போட்டி போடற மத்த பாசியெல்லாம் பட்டினியில செத்துடும். இது மட்டும் பிழைச்சுக்கும்."

"அழுக்கைக் குறைன்னு சொன்னா சரி. கூட்டச் சொல்றியேப்பா?"

"அப்படித்தான் அண்ணே. இன்னொண்ணு, இதுல சில ஜாதி விஷம். பாத்துக் கை வைங்க."

அவர் காதில் தங்கியது கடைசி வார்த்தை மட்டும்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாமனார் தொட்டியிலிருந்து இரண்டடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாகக் கேட்டுப் பழகிய இருமல். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. அதன்பின் ஒவ்வொரு இருமலுக்கும் அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னார். "ஏன், மீனுக்குக் கூச்சமா?" என்று கேட்டுவிட்டு மாமனார் அசையவில்லை.

பயந்தவருக்குப் பொறுமை இருக்காது. கடைக்காரர் சொன்ன வழி வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தச் சளியை வேரோடு எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை லீவு போட்டார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமனார் உள்ளறையில் படுத்திருந்தார். அதிகமாகச் சளி பிடித்திருந்த பாறையைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனார். அந்தப் பாறை முழுக்கப் பொத்தான் பவளம், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சையும் ஊதாவுமாக நெருக்கமாக முளைத்திருந்தது. பிரஷால் தேய்த்தார். வழுக்கியதே தவிரப் போகவில்லை. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றினார்.

ஆவி குப்பென்று எழுந்தது. அழுகின கடல் நாற்றம். மூச்சு முட்டியதால் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார். ஆவி கூடத்துக்குள் போனது.

அரை மணி நேரத்தில் நாக்கில் இரும்பை நக்கினாற்போல் ஒரு கசப்பு. காபி போட்டுக் குடித்தார். காபியும் இரும்பாக இருந்தது. பிறகு குளிர் எடுத்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் சாயும்போது உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, பம்பைக் கொஞ்சம் கொண்டாங்க."

இரண்டு தடவை அடித்தார், நாலு தடவை அடித்தார். மாமனாரின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவிக்கு போனில், "அப்பாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன், வா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. மாமனாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்து லிஃப்ட் பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடியும், மறுபடியும். திரும்பத் திரும்ப அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வராது என்று ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் மாமனாரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். இவரது நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் காய்ச்சல் அடிக்குதே. வீட்ல வேற யாருக்காவது இருக்கா? வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"எதையாவது எரிச்சீங்களா, மருந்து அடிச்சீங்களா?"

"இல்லைங்க."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வெந்நீர் எதையும் கொல்லும், அதிலிருந்து ஒன்றும் வராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவன் என்று பெயர் வாங்கியவர், வீட்டில் போய் இப்படிச் செய்தேன் என்று எப்படிச் சொல்வார்? நாற்பது நிமிடம் அப்படியே போயிற்று.

மனைவி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் சட்டையை முகர்ந்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"என் முகத்தைப் பாருங்க. என்ன பண்ணீங்க?"

அப்போதுதான் சொன்னார். சொல்லி முடிக்கும் முன்பே அவள் எழுந்து டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் எங்கோ போன் செய்து நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"அந்தப் பொத்தான் பவளத்துல இருக்கிற விஷம் ரொம்பக் கடுமையானது. கொதிக்கிற தண்ணிக்கு அது அழியாது, ஆவியோட கிளம்பிக் காத்துல வரும். அந்தச் சளியிலயும் அதே மாதிரி விஷம் இருக்கலாம், எதுனால வந்ததுன்னு இப்பச் சொல்ல முடியாது. மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கும் இதயத்துக்கும் துணையா நிக்கலாம். அவர் உடம்புதான் தாங்கணும். இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்."

அவருடைய காய்ச்சல் மறுநாள் இறங்கிவிட்டது. மாமனார் இரண்டு நாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். முகத்தில் மாஸ்க், நெஞ்சில் ஒயர்கள். திரையில் ஒரு எண் இறங்கும்போதெல்லாம் டபுள்செக் எழுந்து நின்றார், ஏறினால் உட்கார்ந்தார். மனைவி பக்கத்திலேயே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் மாஸ்க்கை எடுத்தார்கள். மாமனார் மருமகனைப் பார்த்துக் கம்மிய குரலில், "மீனுக்குத் தீனி போட்டீங்களா?" என்றார். இவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாமனாரை மனைவியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். "அந்தத் தொட்டி சரியாகிற வரைக்கும் அப்பா இங்க வரக்கூடாது" என்றாள் மனைவி. இத்தனை நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தூக்கிப் போட்டுடலாம்."

"எப்படி? நானூறு லிட்டர். வாளியில மொண்டு மொண்டு ஊத்துவீங்களா? தெறிக்காது? முதல்ல அது என்னன்னு பார்ப்போம். அப்புறம் கை வைப்போம்."

கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, குளியலறையில் கிடந்த பாறையை மெதுவாக, விஷத்தை முறிக்கும் பிளீச் தண்ணீருக்குள் இறக்கினார்கள். தொட்டியிலிருந்து கொஞ்சம் சளியைச் சின்னக் குப்பியில் அடைத்து அவள் வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பத்து வருடமாக அந்த லென்ஸில் மற்றவர்களின் வியாதியைப் பார்த்தவள். குனிந்தவள் சிறிது நேரம் நிமிரவில்லை.

"வந்து பாருங்க."

கண்ணீர்த்துளி வடிவத்தில் பழுப்பு உயிர்கள். ஒவ்வொன்றும் கூர்முனையில் ஏதோ கயிற்றில் கட்டினாற்போல, முளையில் கட்டிய மாடு சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டில் நூற்றுக்கணக்கில். அவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கடைக்காரர் அனுப்பிய படத்தோடு அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். விஷ ஜாதிதான். "ஒரு நல்லது, இந்த ஜாதி இருட்டுனா மணலை விட்டுத் தண்ணிக்குள்ள மிதக்குமாம். அப்பப் பிடிக்கலாம்" என்றாள்.

மிதந்து வருவதைக் கொல்ல, தண்ணீரைப் புற ஊதா விளக்குக் குழாய் வழியாக ஓடவிட்டார்கள். பட்டினி கிடந்த மற்ற பாசிகளுக்காக நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு, தினமும் அளந்து பார்த்தார்கள். தண்ணீர் மாற்றவில்லை. விளக்கை அணைத்து, தொட்டியை மூன்று நாளுக்குக் கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டினார்கள்.

அந்த மூன்று நாளும் கூடத்தில் ஒரு பிணத்தை மூடி வைத்திருப்பது போல இருந்தது அவருக்கு. துணிக்குள்ளிருந்து தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டும் வந்தது. சாப்பாட்டைத் தட்டோடு மாடிப்படிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டார். வேலைக்குப் போனார். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றார். கம்பியைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், இருபத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக, பார்த்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. இறங்கி வந்து, "இன்னைக்கு வேற யாரையாவது ஏறச் சொல்லுங்க" என்றார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

நான்காம் நாள் துணியை அவிழ்த்தார்கள். சளி பெரும்பாலும் இல்லை. இரண்டு பவளங்கள் எலும்பாய் வெளுத்திருந்தன. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தன. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆறாம் நாள் மணலில் மறுபடி அந்தப் பழுப்பு. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க. ஒரே தடவையில போகாதுன்னு கடைக்காரர் சொன்னாருல்ல" என்றாள் மனைவி. மறுபடி இருட்டாக்கினார்கள். கடைக்காரர் வந்து, மிச்சமிருந்த பொத்தான் பவளங்களைத் தண்ணீருக்குள்ளேயே பையில் கட்டி எடுத்துப் போனார். பதிலுக்குத் தன் தொட்டியிலிருந்து, உயிர்கள் ஊரும் ஒரு பிடி கற்களைப் போட்டுவிட்டுப் போனார்.

ஏழாவது வாரம் கண்ணாடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. முன்பென்றால் உடனே சுரண்டியிருப்பார். "இங்க வாயேன், அழுக்கு! அழுக்கு வந்துடுச்சு!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். மனைவி சொட்டு எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு லென்ஸில் ஒன்றும் சுற்றவில்லை. மூன்று வாரம் விடாமல் பார்த்தாள். அதன்பிறகுதான் அப்பாவை அழைத்து வரச் சம்மதித்தாள். நாற்காலியை மட்டும் பால்கனிப் பக்கம் போட்டாள். அதில் யாருடைய பேச்சும் எடுபடவில்லை.

"மாமா, என்னாலதான் உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் டபுள்செக்.

"விடுங்க மாப்பிள்ளை. முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். யார் மேலயும் ஏத்தலைன்னா அது என் சாமர்த்தியம் மட்டுமில்லை. ஆனா டாக்டர் கேட்டப்ப நீங்க சொல்லியிருக்கணும்."

"ஆமா மாமா."

மாமனாரின் நுரையீரல் பழையபடி ஆகவில்லை, ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பு தெருமுனைக் கடைக்கு ஒரே நடையாகப் போய்ப் பால் வாங்கி வருவார். இப்போது மருமகனும் கூடப் போகிறார். பாதி வழியில் மாமனார் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவரும் நின்று அவர் உதட்டின் நிறத்தையே பார்க்கிறார்.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்ல மாமா. மெதுவாவே போலாம்."

போகும்போது ஒரு தடவை நின்றார்கள். பாலோடு திரும்பும்போது இரண்டு தடவை.