கள்ளிவேலியிலிருந்து இருபத்து மூன்று அடி

மதுரையிலிருந்து எழுமலைக்கு உசிலம்பட்டி வழியாக முப்பத்து நாலு மைல். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை நானும் என் மனைவி ஞானமும் போனோம். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் சலோமி, மூன்று வயது, போன புரட்டாசியில் எழுமலையில் உள்ள என் மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் இறந்துபோனாள். எழுமலைக்கு மேற்கே உள்ள கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினோம். அவளுக்கு ஒரு கல் நடத்தான் இந்தப் பயணம்.

கடப்பைக் கல். இரண்டடி நீளம், ஓரடி அகலம், இரண்டு அங்குல கனம். எடை ஐம்பத்தாறு ராத்தல். கல்லோடு போகிறவர்கள் சாக்கில் வைக்கோல் திணித்துக் கட்டிக்கொள்ளுங்கள், முனை உடையாது.

பஸ் காலை ஆறே முக்காலுக்கு என்பார்கள். நம்பாதீர்கள். ஆள் நிறையாமல் எடுப்பதில்லை. ஏழேகாலுக்குப் பொறுமையிழந்து கேட்டேன். டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே, "நீங்க ஒருத்தர் போறதுக்கா மாப்ள பெட்ரோல் ஊத்துறோம்?" என்றான். பிறகு வண்டிக்கு மேலே கிடந்த சாக்கைப் பார்த்து, "அதென்ன, அம்மிக்கல்லா? ஏன், எழுமலையில யாரும் அரைக்கிறதில்லையா?" என்றான்.

"என் மகளுக்குக் கல்லறைக் கல்" என்றேன்.

பீடியைக் கீழே போட்டு மிதித்தான். மேலே ஏறி, கயிற்றை அவிழ்த்து, சாக்கைத் தானே இறக்கி எங்கள் காலடியில் வைத்தான். "மேல வேணாம்ணே. பள்ளத்துல விழுந்தா தூக்கிப் போடும்." ஏழரைக்குக் கிளம்பிவிட்டான். இரண்டு இடம் காலியாகத்தான் இருந்தது.

உசிலம்பட்டிக்கு ஆளுக்கு ஆறணா. ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து பத்து மைல் மாட்டுவண்டி, ஒரு ரூபாய், மூன்றரை மணி நேரம். பாதை முழுக்க வெயில், நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். வண்டியில் ஞானம் மெதுவாக ஞானப்பாட்டு பாடிக்கொண்டே வந்தாள். அவள் ஜெபத்தைப் பிடித்துக்கொண்டு துக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். நான் ஜெபிப்பதை நிறுத்தி ஏழு மாதமாகியிருந்தது. கோவிலுக்குப் போவேன், உட்காருவேன், வருவேன்.

மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் தோட்டத்துக்குப் போனோம். ஈஸ்டருக்கு முந்தின நாள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து, மழையில் கரைந்த மேடுகளுக்கு மண் அணைத்துச் சுண்ணாம்பு தெளிப்பது அங்கே வழக்கம்.

நான் படித்தது ஓவர்சியர் படிப்பு. அடக்கத்தன்று எல்லாரும் அழுதுகொண்டிருக்கையில் நான் டேப் பிடித்து அளந்தேன். கள்ளிவேலியின் தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே இருபத்து மூன்று அடி, வடக்கே பதினோரு அடி. மேடு கரையும், அளவு கரையாது என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தால் வேலியே இல்லை. சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க சர்க்கார் விட்ட பூச்சி அதை வேரோடு தின்று தீர்த்துவிட்டது. புதிதாக முள்வேலி அடைத்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அடைத்திருக்கிறார்கள். புது மூலையிலிருந்து அளந்தால் இருபத்து மூன்று அடி நடைபாதையில் போய் விழுகிறது. உயிருள்ள செடியை எல்லைக்குறியாக வைத்தது நான். படித்த படிப்புக்கு வெட்கக்கேடு.

மூன்று தடவை அளந்தேன். அப்போது ஒரு பெண், முப்பது வயதிருக்கும், மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஞானத்திடம் வந்தாள். பெயர் அன்னத்தாய். அதே புரட்டாசியில் எட்டு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

"ஒங்க புள்ளையும் எம் மகனும் பக்கத்துப் பக்கத்துலதான்க்கா. மழையில ரெண்டு மேடும் கரைஞ்சு ஒண்ணாப் போச்சு. எது யாருதுன்னு எனக்கும் புரிபடல. பிரிக்க மனசு வராம ஒரே மேடாக் கட்டிட்டேன்."

புதுச் சுண்ணாம்போடு நாலடி அகலத்தில் ஒரே மேடு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கல் நடக் கொண்டுவந்த கடப்பாரை கையில் இருந்தது.

"தோண்டினால் தெரிந்துவிடும். எங்களுடையது பலகைப் பெட்டி. உங்கள் பிள்ளைக்குப் பெட்டி உண்டா?"

ஞானம் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். அன்னத்தாய் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பெட்டி இல்லண்ணே. என் சேலையிலதான் சுத்தி வச்சேன். தோண்டணும்னா தோண்டுங்க. மெதுவாத் தோண்டுங்க, அம்புட்டுத்தான். அவனை ரொம்ப ஆழத்துல வைக்கல."

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கல் சாக்கோடு அங்கேயே கிடந்தது.

ஞாயிறு விடியற்காலை ஐந்துக்கு மணி அடித்தார்கள். சபையார் எல்லாரும் விளக்கோடு கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனோம். வேதத்தில் இயேசு உயிர்த்தெழுந்த பாகத்தை உபதேசியார் அங்கே நின்று வாசிப்பார். பெண்கள் கல்லறைக்குத் தேடிப் போன பாகம். சிறு வயதிலிருந்து வருஷம் தவறாமல் கேட்டதுதான். ஆனால் முந்தின நாள் நானே தேடிக் காணாமல் நின்றவன். அவர்களுக்கு வைத்த இடம் நன்றாகத் தெரியும். இடம் தப்பவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆண்டவர்தான் இல்லை. அவர்களும் பதறித்தான் போனார்கள். பதறியது அறியாமையால், கிடைத்தது அவர் உயிரோடு எழுந்துவிட்டார் என்ற நல்ல செய்தி. இந்தப் பாகத்தை இத்தனை வருஷமும் நான் மனதில் வாங்கிக் கேட்கவே இல்லை என்று அப்போது தெரிந்தது.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. அந்த மேட்டருகே உட்கார்ந்து அழுதேன். ஞானம் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் அன்னத்தாயிடம் போனேன். "நேற்றுச் சொன்னது தப்பு. மகன் பெயர் என்ன?"

"யோவான்."

கல்லில் சலோமியின் பெயருக்குக் கீழே வசனத்துக்கென்று ஆறு அங்குலம் விட்டிருந்தது. எந்த வசனம் என்று நானும் ஞானமும் ஒத்துப்போகாததால் வெறுமையாகவே கிடந்தது. கல்தச்சரிடம் உளியும் சுத்தியும் வாங்கி வந்து அந்தப் பெயரை நானே வெட்டினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. எழுத்து கொஞ்சம் கோணல். மேட்டின் நடுத்தலைமாட்டில், ஒன்றேகால் அடி வெளியே தெரிய, நட்டோம்.

அன்னத்தாய்க்கு எழுத்து தெரியாது. "இதுல எம் மகன் பேரு எதுங்கக்கா?" என்றாள். ஞானம் அவள் விரலைப் பிடித்து, இது 'வா', இது அதன் கால் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தடவிக் காட்டினாள். அவளாகவே இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எம்புட்டுப் படிச்சவரு, 'வா'வுக்குக் கால் வளைஞ்சுல்ல இருக்கு" என்றாள். பாரம் ஒன்று இறங்கினாற்போல மூவரும் சிரித்தோம்.

இதே காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கடைசி பஸ் மாலை நாலரைக்கு. எழுமலையில் வண்டியைப் பன்னிரண்டுக்குள் பிடியுங்கள். இடத்தைக் குறிப்பதானால் கிணற்றுக் கட்டிலிருந்தோ கோவில் சுவரிலிருந்தோ அளந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஈஸ்டருக்குப் போங்கள். விடியற்காலை வாசிப்பைத் தவறவிடாதீர்கள்.

துக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் அவள் இல்லை என்பது இன்றும் புதிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் மண்ணுக்குள் எந்த அடியில் இருக்கிறாள் என்று ராவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மனசு அதை விட்டுவிட்டது. அவள் ஆண்டவரிடத்தில் இருக்கிறாள். காலையில் ஞானம் ஜெபிக்க முழங்காலிடும்போது இப்போது நானும் பக்கத்தில் முழங்காலிடுகிறேன். சலோமி பெயரைச் சொன்னதும் யோவான் பெயரையும் சொல்கிறோம்.