உட்கார்ந்து செய்யும் வேலை

இதை எழுத நான் யார் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் மற்றவர்களின் கடிதங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு என்று எழுதியது ஒன்றே ஒன்று. அதைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். தப்பிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லிங்கிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசரகாலத்தின்போது முள்வேலி போட்டார்கள். மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இருந்த லயங்களைக் காலி செய்து எல்லாரையும் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். காலையில் கேட்டில் வாளியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது. சாயங்காலம் கேட்டைச் சாத்திவிட்டால் விடியும்வரை யாரும் நகர முடியாது.

வேலிக்குள் வீடுகள் போதவில்லை. அதனால் ஒரு உத்தரவு வந்தது. பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், யார் பெயர் கூப்பிடப்படுகிறதோ அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மட்டும் உள்ளே இருக்கலாம். வேலை செய்யாத பெரியவர்கள் மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும்.

என் அண்ணன் பெயரைப் பெரட்டில் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போனார்கள். காலில் புண் வந்து, அங்கேயே முழங்காலுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் மட்டும் இருந்தேன். கக்கத்தில் வைத்து ஊன்ற ஒரு கட்டையை அவரே செதுக்கிக்கொண்டார். நான் மரம் வெட்டப் போவேன், அவர் சமைப்பார். அவரைப் போலவே இன்னொருவரும் போக வேண்டியிருந்தது. பின் வீட்டில் இருந்த, இரண்டு கண்ணும் தெரியாத அத்தை.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் புருஷன் சயாமிலிருந்து திரும்பவே இல்லை.

“ஸ்டோர்ல, மரத்துல உறைஞ்சு காஞ்ச ஒட்டுப்பால் மலை மாதிரி கெடக்கு. அதுல ஒட்டியிருக்கிற மரப்பட்டையைப் பொறுக்கறதுக்குக் கால் எதுக்கு? கண்ணுகூட வேணாம், விரல் போதும். சாக்கை விரிச்சு உட்கார்ந்த எடத்துல செய்யலாம். அந்த வேலையைக் கேப்போம். எழுது தங்கச்சி.”

எழுதினேன். இருவருக்கும் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்துப் பெரட்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். கைநாட்டு வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்து எடுத்துக்கொண்டு அக்கா வீடு வீடாகப் போனார். தாளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

“அடையாளக் கார்டுக்கு வெரல் வச்சதே போதும்லா,” என்றார் ஒருவர். “இதுக்கும் வச்சா, கூட்டம் சேக்கிறான்னு தூக்கிட்டுப் போயிருவான்.”

“ஒன்னையா? ரெண்டு நாள்ல திருப்பிக் கொண்டாந்து விட்ருவான்யா. நீ திங்கிற சோத்துக்கு அவனுக்குக் கட்டுமா?” என்றார் அக்கா.

அவர் பெண்டாட்டியே சிரித்துவிட்டாள். அவரும் விரலை வைத்தார். தாள் நிறைந்தது.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அதை இங்கிலீஷில் எழுதி, தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. துரை ஸ்டோருக்கு வந்து, இவர்கள் வேலை செய்வதைத் தன் கண்ணால் பார்ப்பாராம். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில். அக்கா ஒட்டுப்பால் கட்டி ஒன்று கொண்டுவந்து இரண்டு பேரையும் பழக்கினார். அத்தையின் விரல்கள் அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஓடின. அண்ணனும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

“பாத்து. வேலை வாங்கித் தர்றேன்னு கடைசில என்னை ஆள் மேய்க்கிற மண்டோர் ஆக்கிறாதீங்க,” என்றார்.

துரை வந்த அன்று மரம் வெட்டி முடித்து, பால் ஊற்றிவிட்டு நாங்கள் ஸ்டோரிலேயே நின்றோம். அண்ணனும் அத்தையும் சாக்கில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலை குனிந்து வேலையிலேயே இருந்தார். வெளியே கார் நின்ற சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை.

துரை உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, பிறந்ததிலிருந்து பார்த்து வந்தது. துரையின் சப்பாத்துக் கால் வாசலில் தெரிந்ததும் நான் குனிந்து அண்ணன் தோளைத் தொட்டேன்.

“அண்ணே, தொரை. எந்திரி.”

நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்துவிட்டது.

அண்ணன் சுவரைப் பிடித்து ஒரே உந்தலில் எழுந்தார். கட்டை தரையில் கிடந்தது. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நேராக நின்றார். துரை வந்தது தெரியாத அத்தை பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

துரை அத்தையின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. துரை ஏதோ சொன்னார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

“அந்தம்மாவுக்குக் குடுக்கலாமாம். இவன் நல்லா நிக்கிறானே, இவனுக்கு எதுக்கு உக்கார்ற வேலைன்னு கேக்கறார். நாளைக்குப் புல்லு வெட்டற ஆளுங்களோட போகட்டுமாம். முடியலேன்னா வெளிய போகணும்.”

“ஐயா, அது மரியாதைக்கு நின்னது ஐயா!” அக்கா கத்தினார். “தொரைகிட்ட சொல்லுங்க!”

கிராணி தயங்கி ஒரு வார்த்தை சொன்னார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். “மனு எழுதினவ நீ. எந்திரின்னு சொன்னவளும் நீ. வாயத் தொறந்து சொல்லு புள்ள!”

நான் தரையில் கிடந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது எல்லாம் தெரிந்தது. குரல் வரவில்லை. கார் புறப்பட்ட பிறகுதான் அண்ணன் சுவரோடு சாய்ந்தபடி உட்கார்ந்தார். அவர் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று நான் பேசியிருந்தால் துரை மனம் மாறியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

“விடு,” என்றார் அண்ணன். “உக்காந்தே இருந்திருந்தா, மரியாத தெரியாத பயன்னு அனுப்பியிருப்பான்.”

“ஒரு நாளு புல்லு வெட்டத்தான் போய்ப் பாரேண்ணே.”

“அந்த மேட்டுல நான் ஏறி முடிக்கிறதுக்குள்ள கேட்டச் சாத்திருவான்.”

புக்கிட் பெலண்டோக்கில் எங்கள் சித்தப்பா ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் அவருக்குப் படுக்க இடம் இருந்தது. அங்கே போகிறேன் என்றார் அண்ணன். நான் அவருடைய இரண்டு சட்டைகளைத் துவைத்து, அடுப்புக்கு மேல் காயப் போட்டேன்.

மறுநாள் மழை. பால் வெட்டு இல்லை. அரிசி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் அண்ணன் போனார். கேட்டில் அவர் பையையும் கட்டையையும் சோதித்தார்கள். அத்தை அன்று ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார்.