பிள்ளைத்தாச்சி மட்டும் வா

காரில் மூன்றே பேர். ஸ்டீயரிங்கில் என் மச்சினன் சுரேஷ்கண்ணன். பக்கத்தில் நான், மடியில் கடித ஃபைலோடு. பின் சீட்டில், இடது ஜன்னலோரம், என் மனைவி ஹேமாவதி. புகாரில் எழுதியபடியே இங்கும் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நடந்தது இதுதான்.

ஓடைப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பேர் வேண்டாம். பஞ்சாயத்துத் தலைவரை எங்கள் பக்கம் பிரசிடெண்ட் என்போம். அந்த ஊரின் பழைய பிரசிடெண்ட் ராக்கையா பிறந்த வீட்டை நினைவகமாக்கி வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த அறையின் நிலைப்படியைத் தொட்டால் வயிற்றுப்பிள்ளை தங்கும் என்று ஹேமாவதியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இரண்டு தங்கவில்லை. இது மூன்றாவது. மூன்றாம் மாதம். எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பலகையில் காலை பத்து மணி முதல் என்று இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தோம். நினைவக அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், பதிலே இல்லை. அன்றும் 11.40 ஆகியும் வெயிலில்தான் நின்றோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனு எழுதியே பூட்டைத் தெறந்திருவீக போல, மச்சான்" என்று சிரித்தான் சுரேஷ்கண்ணன்.

11.52.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது... டக்.

கூடத்தில் போட்டோக்கள். ஒரு நாற்காலி. ஆள் இல்லை. பின்கட்டில் அவர் பிறந்த அறை, சாத்திய கதவு. அதற்கு அந்தப் பக்கம் அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம். கரக்... கரக்...

கிட்டே போனேன். சத்தம் நின்றது. உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"ஆம்பளைக அங்கனயே நில்லுங்க. பிள்ளைத்தாச்சி மட்டும் வா, ஆத்தா."

சுரேஷ்கண்ணன் திரும்பினான். "யாரு மச்சான் பிள்ளைத்தாச்சி?"

அதற்குள் ஹேமாவதி போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

இது என்ன சட்டம் என்று கத்தினேன். தட்டினேன்.

நான்கு நிமிடம்.

வந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஈரமாக.

"யாரு கட்டுனது?"

"கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு..."

மறுநாளே புகார் எழுதினேன். ஆண்களைத் தடுக்க எந்த விதியில் இடம் இருக்கிறது?

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

'அன்று காவலர் விடுப்பு. வீடு பூட்டியிருந்தது. பெண் ஊழியர் எவரும் கிடையாது. ராக்கையாவைப் பெற்ற அன்றே தாயார் அந்த அறையில் காலமானார். அன்றே வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த அறைக்குக் கதவே இல்லை.'

ஒன்பது நாளாகியும் கயிறு காயவில்லை.

"அறுக்காதீக... பிள்ளை தங்கணும்னு கட்டுனது. கும்பிட்டுக் கேக்குறேன்."

அறுத்தேன். அவர்கள் பொருள் அவர்களுக்கே போகட்டும் என்று கடிதத்துக்குள் மடித்து, கவரை ஒட்டி, தபால் ஆபீஸில் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். மதியம் 12.10.

முத்திரை குத்தியவர் தன் விரலைப் பார்த்தார்.

"என்ன சார், கவர் நனைஞ்சு வருது?"

விரலில் மஞ்சள் இல்லை... சிவப்பு.

"அதைத் திருப்பிக் குடுங்க!"

"பதிவாயிருச்சு சார். இனி தர முடியாது."

கவர் பைக்குள் விழுந்தது.