எல்லோருக்கும் ஒரே லாகின்

எங்கள் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எட்டு மெஷின்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தோம். பெரிய வேலைகளை வரிசையில் நிறுத்தி, எது எந்த மெஷினில் ஓட வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள். ஷெட்யூலர் என்போம். அதற்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதையும் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். தனி லாகின் கேட்டால், நம்ம கம்பெனியை நம்பாதவன் என்கிற மாதிரி பார்ப்பார்கள். நானும் கேட்கவில்லை.

பக்கத்து மேஜையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண். துணியின் படத்தைப் பார்த்து ஓட்டை, எண்ணெய்க் கறை கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கீழே செக்கிங்கில் அதே ஓட்டையையும் கறையையும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். கண் மங்கத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையருக்கு இதை ஓட்டிக் காட்டினால் மகளுக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா செக்கிங்கை விட்டுவிடலாம்.

சனிக்கிழமை அவள் போட்ட வேலை வியாழக்கிழமைதான் முடியும். பாதியில் சேமிக்க டிஸ்க்கில் இடமில்லை; நடுவில் நின்றால் முதலிலிருந்துதான். "பரவால்லைங்க, நடுவுல யாரு நிறுத்தப் போறாங்க" என்று அவளிடம் சொன்ன புத்திசாலியும் நான்தான்.

எனக்கு வேறு வேலை. ஆர்டர் வந்ததும் எங்கள் புரோகிராமே ஷெட்யூலரோடு பேசி வேலையை வரிசையில் சேர்க்க வேண்டும். அப்படிப் பேசத் தெரிந்த ஒரு துணைப் புரோகிராமை, லைப்ரரி என்பார்கள், நிறுவச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலை முழுக்க அது மக்கர் பண்ணியது. ஷெட்யூலர் பழசு, லைப்ரரி புதுசு. பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

அதோடு ஒரு சோதனையும் வரும். பொய்யாகச் சில வேலைகளை வரிசைக்கு அனுப்பி, ஓடுகிறதா என்று பார்க்கும். கடைசியில், அந்த லாகினில் உள்ள எல்லா வேலைகளையும் நிறுத்தித் துடைத்துவிட்டுப் போகும். குறிப்பில் அப்படியே எழுதியிருந்தது. படித்தேன். நான்தான் வேறு எதையும் ஓட விடவில்லையே என்று நினைத்து எண்டரைத் தட்டினேன்.

திரை முழுக்கப் பச்சை. அத்தனையும் பாஸ். ஏதோ சாதித்துவிட்டவனைப் போல டீ குடித்துவிட்டு வந்து வரிசையைப் பார்த்தேன். காலி. அவளுடைய வேலையையும் காணோம். ஷெட்யூலரின் பதிவேட்டைத் திறந்தேன்.

அதில் நிறுத்தியவரின் பெயர் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் பொதுவான அந்த ஒரே பெயர்.

நான் வாயைத் திறப்பதற்குள், காலி வரிசையைப் பார்த்துவிட்டு அவளே பேசினாள். "மத்தியானம் ஷெட்யூலர் திரையத் திறந்து பாத்தேன்ணே. நான்தான் எதையாவது தொட்டிருப்பேன்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். எனக்கும் வீட்டுக் கடன் இருந்தது, குழந்தை இருந்தது என்று இப்போது அடுக்கலாம். அவளுக்கும் ஒரு அம்மா இருந்தார்.

வெள்ளிக்கிழமை பையர் வந்தார், வெறுந்திரையைப் பார்த்தார், போனார். எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதைக்கூடத் தேன் தடவித்தான் சொல்வார்கள். "ஒண்ணும் நெனச்சுக்காத கண்ணு. இது உனக்குச் செரிப்பட்டு வராது" என்றார் முதலாளி. அவள் தலையை ஆட்டினாள். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஆளுக்கொரு லாகின் போட்டுக் கொடுத்தேன். சாக்பீஸ் எழுத்தை நானே அழித்தேன். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். "இத முன்னாலயே பண்ணிருந்தா, அன்னைக்கு நிறுத்துனது யாருன்னு கையோட தெரிஞ்சிருக்குமுங்க."

"ஆமாங்க" என்றேன்.

அவள் அம்மா இன்னும் செக்கிங்கில்தான் இருக்கிறார். துணியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறார். போன மாதம் படியேறும்போது கூப்பிட்டு நிறுத்தினார். மகள் ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாளாம்.

"அங்க நீங்க ஒருத்தருதான் எங்கிட்ட நல்லபடியா நடந்துக்கிட்டீகன்னு இப்பவும் சொல்லுதா சார்" என்றார்.