மூன்று குடங்களைச் சுமந்து சென்றவர்

செய்தி வந்தபோது நான் பூந்தமல்லியில் திருமழிசைப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் தேவி. எங்கள் நூலகக் கண்காட்சிக்குப் படம் வரைபவர்.

"மேடம், கன்னியப்பன் ஐயா தவறிட்டாரு. விடியக்காலைல, தூக்கத்துலயே."

பேருந்து வந்தது, ஏறினேன், சீட்டும் வாங்கினேன். உட்கார்ந்த பிறகுதான் மடியிலிருந்த பை உறுத்தியது. உள்ளே புதிய நைலான் கயிறு. "படம் மாட்ற கயிறு இத்துப் போச்சி லைப்ரரியம்மா, வேற வாங்கியாந்துடு" என்று முந்தின நாள்தான் அவர் சொல்லியிருந்தார். அதற்குள் என்ன அவசரம் என்று அவர் மேல் கோபம் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியப்பன் ஐயா திருமழிசை தொழிற்பேட்டையில் கிரைண்டிங் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து நிலங்களில் நாற்று நட்டவர்கள். நான் திண்டுக்கல்லில் இருந்து வந்து முகப்பேர் அடுக்ககத்தில் குடியேறியவள். திருமழிசை நூலகத்தில் நூலகராகச் சேர்ந்த புதிதில் ஐயா பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். திட்டினால் மட்டும் முழுதாகப் புரியும்.

நூலகக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நிற்பார். மாடியில் ஜன்னலோரம் இருந்த செய்தித்தாள் மேசையில் முதல் நாற்காலி அவருடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும்வரை ஐயா பக்கத்தில் நின்றே படிப்பார், அதுவும் வாய்விட்டு.

முதல் கண்காட்சிக்கு எங்களிடம் பலகையும் இல்லை, ஆணி அடிக்கச் சுவரும் இல்லை. புத்தக அலமாரிகளுக்கு நடுவே கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு, ஊர்க்காரர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டோம். அதற்காகச் செய்தித்தாள் மேசையை இருட்டு மூலைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. ஐயா விடவில்லை.

"நாங்க பேப்பர் படிக்கிறதா, இல்ல உன் படத்தப் பாத்துகினு குந்திகினு கெடக்கறதா?"

அவர் குறிப்பாகக் கை நீட்டியது தேவியின் படத்தை. தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கும் தேவி, தண்ணீர் லாரிக்காகத் தெருவில் காத்திருக்கும் மூன்று பிளாஸ்டிக் குடங்களை வரைந்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. "இதுல இன்னா கீது? மூணு கொடம். அதான் என் ஊட்லயே கீதே!" என்றார். தேவி அங்கேதான் நின்றிருந்தார். முகம் சுருங்கிப் போய்விட்டது.

ஆனால் மறுநாளும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நின்றார். அதற்கு மறுநாளும். கண்காட்சி முடிகிற அன்று நூலக அட்டையை என் மேசையில் வைத்தார்.

"அந்தக் கொடத்தக் குடு. ஊட்டுக்கு எட்த்துகினு போறேன்."

"ஐயா, புத்தகம்தான் வீட்டுக்குக் கொடுப்போம். படம் கொடுக்க மாட்டோம்."

"லைப்ரரில கீற பொருள் தானே? கார்டு கீது. ரெண்டு வாரம் கெடு. அப்பறம் இன்னா?"

விதியைச் சொன்னேன். அவர் நகரவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மல்லிகாவுக்கு முட்டி ரெண்டும் போச்சிமா. மாடி ஏற மாட்டா. படத்தப் பத்தி தெனம் சொல்லிகினு கீறேன், எனக்கு ஒழுங்கா சொல்ல வரல."

மல்லிகா அவருடைய மனைவி. அதற்குமேல் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. தேவியிடம் கேட்டேன், சரி என்றார். இதற்கென்று எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தோடுதான் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் படம் திரும்பி வந்தது. மூன்று குடத்துக்கும் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்திருந்தார் மல்லிகா அம்மா. கண்ணாடி போடாத படம். பொட்டு தாளிலேயே ஊறிவிட்டது.

ஐயா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "வெள்ளிக்கெழம... கொடம்னா பொட்டு வெக்காம எப்டின்னு கேக்கறா. நான் இன்னாத்த சொல்றது?"

படம் கொடுப்பது அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். கண்காட்சியே முடிந்தது என்றும் நினைத்தேன். தன் படம் பாழாய்ப் போகும் என்று தெரிந்தால் யார் கொண்டுவந்து தருவார்கள்? தேவியை வரச் சொன்னோம். வேலை முடிந்து சீருடையோடு வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இருக்கட்டும் மேடம். இப்பதான் ஒரு ஊட்டுக் கொடம் மாதிரி கீது."

ஐயா அங்கேயே ஒரு தீர்மானம் எடுத்தார். "தப்பு என் ஊட்ல நடந்துச்சி. இனிமே எந்தப் படம் எந்த ஊட்டுக்குப் போனாலும் நான்தான் எட்த்துகினு போவேன், நான்தான் திருப்பிக் கொண்டாருவேன்."

சொன்னபடி செய்தார். ஒவ்வொரு கண்காட்சி முடிந்ததும், மாடி ஏற முடியாதவர்கள் வீட்டுக்குப் படங்களைப் பழைய புடவையில் சுற்றி, மொபெட்டின் முன்னால் நிற்க வைத்து எடுத்துப் போவார். வீட்டில் மாட்டிக் காட்டிவிட்டு, "அழகு பாரு, அபிஷேகம் பண்ணாத" என்று எச்சரித்துவிட்டு வருவார். கெடு முடிகிற அன்று காலையில் போய் நிற்பார். இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினாலும் மசிய மாட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"இன்னொரு ஊடு காத்துகினு கீது."

நான்கூட ஒருமுறை பரிந்து பேசினேன். குத்தம்பாக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர், சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்து கட்டிலோடு இருப்பவர், மழையில் ஓடும் ரயில் படமொன்றைத் திருப்பித் தர மனமில்லாமல் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பாவமாக இருந்தது. ஐயாவிடம் சொன்னேன். "அவரு பாவம்தான். அடுத்தாப்புல காத்துகினு கீறவங்க மட்டும் பாவம் இல்லியா?" என்றார். படத்தை வாங்கி வந்துவிட்டார். ஆனால் அடுத்த முறை எந்தப் படம் வேண்டும் என்று அந்த ஓட்டுநரிடம் கேட்டும் வந்திருந்தார். ஓட்டுநர் கேட்டது மூன்று குடங்களை.

அந்தப் படம் மட்டும் ஒவ்வொரு கண்காட்சிக்குப் பிறகும் முதலில் ஐயாவின் வீட்டுக்குப் போகும். அதில் மட்டும் அவர் சட்டம் கொஞ்சம் வளைந்தது. நாங்கள் கேலி செய்தால், "இன்னா பண்றது, பொட்டு வெச்சவ பாக்க வேணாமா?" என்பார். அதுதான் நான் பார்த்தவரை அவர் வெட்கப்பட்ட ஒரே விஷயம்.

இறந்த அன்றும் படம் அங்கேதான் இருந்தது. வாசலில் பந்தலின் கீழ் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐயா. திறந்திருந்த கதவு வழியே உள்சுவரில் மூன்று குடங்கள் தெரிந்தன. செய்தித்தாள் மேசைக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அன்று யாரும் பேப்பர் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் மல்லிகா அம்மாவைப் பார்க்கப் போனேன். அன்றைக்குத்தான் கெடு. நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் படம் இனி அவரிடமே இருக்கட்டும் என்று தேவியும் நானும் பேசி வைத்திருந்தோம். ஆனால் நான் உட்காருவதற்குள்ளேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து படத்தை அவரே கழற்றினார். பழைய புடவையும் தயாராக இருந்தது.

"நீங்களே வச்சுக்குங்கம்மா. தேவியும் அதையேதான் சொன்னாங்க."

"வேணாம்மா. அது திட்டும்" என்றார். கணவரை 'அது' என்றுதான் சொல்வார். "இன்னொரு ஊடு காத்துகினு கீது இல்ல? ஆனா ஒண்ணு. சாவு ஊட்லர்ந்து வந்ததுன்னு அவங்க வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. ஒரு வார்த்த கேட்டுட்டு எட்த்துகினு போ."

அங்கிருந்தே குத்தம்பாக்கத்து லாரி ஓட்டுநரை அழைத்தேன். நடந்ததைச் சொல்லி, எங்கிருந்து படம் வருகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மல்லிகா அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த கொண்டார வேண்டிய படம்" என்றார் ஓட்டுநர். "எங்கர்ந்து வந்தா இன்னா மேடம். கொண்டாங்க."

ஷேர் ஆட்டோவில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம், இதை ஒற்றைக் கையால் பிடித்தபடி மொபெட் ஓட்டிய மனிதரை நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் போய்ப் பார்த்தால், படத்தைத் தொங்கவிடக் கயிறு இல்லை. என் பையில் இருந்தது. ஐயாவுக்காக வாங்கிய கயிற்றை வெட்டி, கட்டிலுக்கு எதிரே மூன்று குடங்களையும் மாட்டினோம். ஓட்டுநர் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து பார்த்தார். "பொட்டு நல்லா கீது" என்றார்.

ஐயா, படம் போய்ச் சேர்ந்துவிட்டது. கெடுவன்று காலையில் நானே போய் நிற்பேன். கெஞ்சினாலும் மசிய மாட்டேன். ஜன்னலோர நாற்காலியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் மட்டும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.