சந்தனப் பொட்டு வைத்த இடம்

மாமனார் பந்தயத்தில் ஓட்டிய, பிரேக்கே இல்லாத சைக்கிளின் ஃபிரேம் மட்டும் கொல்லிமலையில் எங்கள் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த நம்பரைப் படமெடுத்து அனுப்பினால், அதைச் செய்தது யாரென்று சொல்லிவிடலாம் என்றார் பழைய சைக்கிள் சேகரிக்கும் ஒருவர்.

ஆயுத பூஜையன்று ஃபிரேமை வாசலில் கவிழ்த்தேன். நம்பர் தெரிந்தது. சார்ஜில் கிடந்த போனை எடுத்து வருவதற்குள், வெல்டிங் வேலை செய்யும் கொழுந்தனார் கிரைண்டரால் அதை ராவிவிட்டு, அதே இடத்தில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.

"துருவா இருந்துச்சுங்க அண்ணி. சாமிக்கு வெக்கறதுன்னு பளபளன்னு ஆக்கிட்டனுங்க."

"அங்க நம்பர் இருந்துச்சே, பாக்கலையா?"

"ஏதோ கிறுக்கல் இருந்துச்சுங்க."

அன்று அவருக்குப் பொரிகூடக் கொடுக்கவில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தக் கிரைண்டருக்கும் நானே பொட்டு வைக்கிறேன், அதன் பிளேடைக் கழற்றி பீரோவில் பூட்டிய பிறகு.