கடைமடையில் வாத்து இறக்கிய நாள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். செய்த வேலைகளில் வாத்து மேய்த்ததுதான் அதிக நாள். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த காலம் அது.

தை அறுப்பு முடிந்து பாபநாசம் பக்கம் மேய்த்தேன். அங்கே பம்புசெட்டுத் தண்ணீர் உண்டு. அடுத்த நடவுக்கு உழும்வரை அறுத்த வயல் சும்மா கிடக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால் போதும். உழவு தொடங்கியதும் எழுநூறு வாத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, பேராவூரணி போகும் வழியில் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடை ஊருக்குப் போனேன். ஏற்றும்போதே வாத்து முதலாளி சொல்லியிருந்தார்: "ஒரு நாள் பட்டினி போட்டா பத்து நாள் முட்டை போச்சு. போனவொடனே எறக்குடா."

முந்தின நாளிலிருந்தே வாத்துகளுக்கு இரை இல்லை. கத்தல் தாங்கவில்லை. பழைய பண்ணையார் வீட்டைத் தேடிப்போய்க் கேட்டேன். நாற்காலியை விட்டு எழாமலே ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"ரோட்டோர வயலெல்லாம் நம்மதுதான். விட்டுக்க."

இறக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பெண் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் பெயர் அஞ்சம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"யாரைக் கேட்டுய்யா விட்ட?"

"பண்ணையார் சொன்னாருங்க."

"அவரு வித்து மூணு வருஷமாச்சு! எங்க வீட்டுக்காரரு குவைத்துல ஒட்டகம் மேய்ச்சு வாங்குன வயலு இது. அவரு அங்க ஒட்டகம் மேய்க்கிறது, நீ இங்க வாத்து மேய்க்கவா? குனிஞ்சு பாருய்யா!"

குனிந்தேன். அறுத்த தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் தெளித்திருக்கிறார்கள். கோலை வீசி வாத்துகளைக் கரையேற்றுவதற்குள் பாதி வயல் போய்விட்டது.

"விதை வாங்கித் தர்றேங்க. திரும்பத் தெளிச்சுக்கலாம்."

"விதை இருக்கு. ஈரத்தை எங்கய்யா வாங்குவ? வாய்க்கால்ல தண்ணி நின்னாச்சு. மண்ணுல மிச்சமிருக்குற ஈரமும் பனியும்தான் இதுக்கு."

கத்திக்கொண்டிருந்த வாத்துகளை அவர் பார்த்தார்.

"அதுங்க என்ன பண்ணும்? ஏரிக்குக் கீழ எங்கண்ணன் உளுந்து தெளிக்கல. அவரைக் கேட்டுட்டு எறக்கு. பண்ணையாரைக் கேக்காத."

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளே, புது ஊருக்குப் போனால் பெரிய வீடு எது என்று கேட்காதீர்கள். தண்ணீர் எந்த மாதம் வரை வரும், இந்த வயலில் இப்போது விதைக்கிறவர் யார் என்று கேளுங்கள்.

அந்த ஊரில் ஒரு மாதம் இருந்தேன். மற்ற வயல்களில் உளுந்து பூத்தது. அஞ்சம்மாள் வயலில் பாதி பச்சை, பாதி வெறும் தாள். அந்த ரோட்டில் நான் வாத்து ஓட்டவே இல்லை. தினமும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போனேன்.